வியாழக்கிழமைக்குள் எடுத்துவிடவும்

ஜனவரியில் வின்னிபெக்கில் காரைக் கிளப்புவதே பாதி நாள் வேலை. அன்று செவ்வாய்க்கிழமை, பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்திரண்டு டிகிரி. ஆர்லன் ரைமர் வாசலில் இறங்கி, எஞ்சின் உறையாமலிருக்க இரவு முழுக்கச் சொருகி வைத்திருந்த மின்கம்பியைப் பிடுங்கிச் சுருட்டினான். கம்பி விறகுக்குச்சி மாதிரி விறைத்துக் கிடந்தது. கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டி முடிப்பதற்குள் விரல் நுனி மரத்துவிட்டது. வழியில் காபி இரண்டு வாங்கிக்கொண்டான். ஒன்று தனக்கு, ஒன்று முதலாளியம்மாவுக்கு.

முதலாளியம்மா என்றாலும் வெர்னா கோஸ்டியுக் பெரிய பணக்காரி ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக நின்றே முழங்கால் தேய்ந்துபோனவள். வீட்டோடு கிடக்கும் நோயாளிகளைக் குளிப்பாட்டவும், மருந்து கொடுக்கவும், புண்ணுக்குக் கட்டுப் போடவும் வீடு வீடாகப் போகிற பணிப்பெண்களுக்கு ஒரு செயலி வேண்டும் என்று நினைத்தாள். பழைய கிடங்குக் கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் நாலு பேரை வைத்துக் கடையைத் திறந்தாள். செயலியை எழுதியவன் ஆர்லன். இன்றைக்கு நூற்று நாற்பது பெண்களின் போனில் அது இருக்கிறது. எந்த வீடு, எத்தனை மணிக்கு, என்ன மருந்து, வாசலில் வீட்டுச் சாவி வைத்துப் பூட்டிய சின்னப் பெட்டிக்கு என்ன எண், எல்லாம் அதில் தெரியும். இருப்பது போனுக்குள் அல்ல. கிளவுட் என்கிறார்களே, எங்கோ ஒரு பெரிய கம்பெனியிடம் வாடகைக்குப் பிடித்த கணினிக் கிடங்கு, அதில் இருக்கிறது. போன் கேட்கும், கிடங்கு எடுத்துக் கொடுக்கும்.

கணினியைத் திறந்தால் முதலில் ஒரு கடிதம் நின்றது. தண்டர் பே ஊரில் காகித ஆலையில் வேலை செய்யும் ஐலா கோஸ்கினென் என்ற பெண் எழுதியிருந்தாள். அவளுடைய அண்ணன் ஒரு காலை இழந்து வின்னிபெக்கில் தனியாக இருக்கிறான். அவனைப் பார்த்துக்கொள்ள வருகிறவர்கள் வைத்திருக்கும் செயலி எப்படிப்பட்டது என்று பார்க்க அதை இறக்கிக்கொண்டாளாம். சிலர் பழைய ரேடியோவைப் பிரித்துப் பார்ப்பார்கள் இல்லையா, ஷிப்ட் முடிந்து வந்தால் செயலிகளைப் பிரித்துப் பார்ப்பது அவளுக்குப் பழக்கம்.

"இருபது நிமிஷத்தில் உங்கள் கிடங்கின் தலைமைச் சாவி என் கையில் இருந்தது" என்று எழுதியிருந்தாள். "செயலிக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறீர்கள். நிஜமா என்று பார்க்க ஒரே ஒரு பக்கத்தைத் திறந்தேன், என் அண்ணனுடையதை. அவன் வாசல் பெட்டியின் எண் இருந்தது. மூடிவிட்டேன். வேறெதையும் பார்க்கவில்லை. தயவுசெய்து மாற்றுங்கள். அவனால் ஓடிப்போய்க் கதவைச் சாத்த முடியாது."

ஆர்லன் காபியைத் தொடவில்லை. செயலிக்காக எழுதிய நிரல் வரிகளைத் திறந்து தேடினான். ரொம்ப நேரம் தேட வேண்டியிருக்கவில்லை. சாவி இருந்தது. நாற்பது எழுத்து நீளம். அதற்கு மேலே, தனக்குத் தானே எழுதி வைத்த ஒரு வரி:

இப்போதைக்கு. வியாழக்கிழமைக்குள் எடுத்துவிடவும். ஆர்லன்.

தேதி மூன்று வருஷத்துக்கு முந்தையது.

அந்த வாரம் அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த வரியை எழுதிய மறுநாள் சுகாதார அலுவலகத்துக்காரர்கள் வந்து செயலியைப் பார்ப்பதாக இருந்தது. முறையாகச் செய்வதென்றால் தலைமைச் சாவி யார் போனுக்கும் போகக் கூடாது. அது அலுவலகத்துக் கணினியிலேயே இருக்க வேண்டும். பணிப்பெண் தன் பெயரைச் சொல்லி உள்ளே வந்தால், அன்றைய வேலை நேரத்துக்கு மட்டும், அவளுடைய வீடுகளுக்கு மட்டும் செல்லுகிற ஒரு தற்காலிகச் சீட்டை அந்தக் கணினி கொடுத்தனுப்ப வேண்டும். அதை எழுத இன்னும் இரண்டு நாள் தேவைப்பட்டது. இரண்டு நாள் இல்லை. அதனால் தலைமைச் சாவியையே செயலிக்குள் வைத்துவிட்டான். அடுக்குமாடிக்காரன் ஒருவன் கட்டடம் முழுவதையும் திறக்கிற சாவியைக் குடித்தனக்காரர் எல்லோருக்கும் ஒவ்வொன்று அடித்துக் கொடுத்த மாதிரி. வந்தவர்கள் பார்த்தார்கள், கை குலுக்கினார்கள். வியாழக்கிழமை வந்தது, போனது. கட்டட வேலையில் இதைக் காணலாம். கான்கிரீட் காயும்வரை இருக்கட்டும் என்று கொடுத்த முட்டுக்கம்பு கடைசியில் யாரும் எடுக்காமல் தூணாகவே நின்றுவிடும். மேலே குடியிருப்பவர்களுக்குத் தாங்கள் எதன்மேல் குடியிருக்கிறோம் என்று தெரியாது.

வெர்னா வந்ததும் கடிதத்தைக் காட்டினான். அவள் நின்றபடியே இரண்டு முறை படித்தாள். முதலில் எழுதியவள்மேல்தான் சந்தேகம் போனது. பணம் பறிக்கப் பார்க்கிறாளோ, வக்கீலைக் கூப்பிடலாமா என்றாள். அவள் எதுவும் கேட்கவில்லையே என்றான் ஆர்லன். பிறகு வெர்னா உட்கார்ந்து, என்ன செய்தால் சரியாகும் என்று கேட்டாள்.

பழைய சாவியைச் செல்லாமல் ஆக்க வேண்டும். அதற்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் அந்தச் சாவிதான் நூற்று நாற்பது போனிலும் இருக்கிறது. பூட்டை மாற்றினால் திருடனோடு சேர்ந்து வீட்டுக்காரனும் வெளியே நிற்பான். புதுச் செயலியை எழுதிக் கொடுத்தாலும், செயலிக் கடைக்காரர்கள் பார்த்து அனுமதிக்க ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். அதுவரை எந்தப் பெண்ணுக்கும் எந்த வீடு, என்ன மருந்து என்று தெரியாது.

வெள்ளிக்கிழமை சுகாதார அலுவலகத்தோடு ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாள். அது இல்லையென்றால் கடையே இல்லை. வெர்னா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"மூணு வருஷமா ஒண்ணும் ஆகல ஆர்லன். இன்னும் மூணு நாள்ல என்ன ஆயிடப் போவுது? வெள்ளிக்கிழமை கையெழுத்து ஆகட்டும். சனிக்கிழமை மாத்து. அந்தப் பொண்ணுக்கு நன்றின்னு ஒரு வரி எழுதிப் போடு. நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரிய வேணாம்."

ஆர்லன் சரி என்றான். உண்மையைச் சொன்னால், அவன் மனசும் அதைத்தான் விரும்பியது. தன் வரி, தன் தேதி, தன் பெயர். மூடி வைத்தால் மூடினதுதான். கிடங்கின் வருகைப் பதிவை மட்டும் எடுத்துப் பார்த்தான். முப்பது நாள் பதிவுதான் இருந்தது. அதில் வெளியாள் வந்துபோன தடம் ஒன்றே ஒன்று, ஐலாவினுடையது. அதற்கு முந்தைய முப்பத்தைந்து மாதத்தில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

மத்தியானம் மரிசெல் டும்லாவ் வந்தாள். குளிரில் கைதவறி விழுந்து போன் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது, மாற்றித் தரக் கேட்டு வந்திருந்தாள். மணிலா பக்கத்திலிருந்து வந்து பதினெட்டு வருஷம். பணிப்பெண்களில் மூத்தவள். செயலியை முதன்முதலில் கையில் வாங்கி, இது சரியில்லை அது சரியில்லை என்று ஆர்லனை நச்சரித்து நேராக்கியவளும் அவள்தான். வரும்போதெல்லாம் ஒரு டப்பா நூடுல்ஸ் கொண்டுவருவாள். ஒல்லியாக இருப்பவர்களைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது. அன்றும் டப்பாவை அவன் மேஜையில் வைத்து மூடியைத் திறந்தாள். பூண்டு வாசனை எழுந்தது.

"இன்னிக்கு ஒடெட் ஜன்னல் திரையைத் திறந்தா தம்பி" என்றாள்.

ஒடெட் லாவலே யார் என்று ஆர்லனுக்கு நன்றாகத் தெரியும். பார்த்ததில்லை. புருஷன் மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டதில் முதுகெலும்பு முறிந்து சக்கர நாற்காலியில் இருப்பவள். அவன் சிறைக்குப் போய்த் திரும்பிவந்து அவளைத் தேடிக்கொண்டிருந்தான். ஊர் மாறி, வீடு மாறி, தெருப்பக்கத்துத் திரையை இழுத்து மூடி அவள் இருட்டில் உட்கார்ந்து மூன்று வருஷம் ஆகிறது. மரிசெல் அவள் முகவரியை மட்டும் செயலியில் ஏற்ற மாட்டேன் என்று ஆரம்பத்தில் பிடிவாதம் பிடித்தாள். தன் நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறேன் என்றாள். நோட்டைப் பஸ்ஸில் விட்டால் என்ன செய்வீர்கள் அக்கா, இது பாங்கு லாக்கர் மாதிரி என்று பேசிப் பேசி அவளைச் சம்மதிக்க வைத்தவன் ஆர்லன். அதுவும் அந்த வியாழக்கிழமைக்கு அடுத்த வாரம்.

"வெளிய பனி மேல வெயில். கண்ணு கூசுது, மூடு மூடுன்னா. நான் மூடல. கொஞ்ச நேரம் கழிச்சு அவளே சொன்னா, இருக்கட்டும்னு. நான்தான் தைரியம் சொன்னேன். உன் வீடு எனக்குத் தெரியும், நம்ம தம்பி செஞ்ச போனுக்குத் தெரியும், வேற ஈ காக்காய்க்குத் தெரியாதுன்னு."

ஆர்லன் கையில் எடுத்த முள்கரண்டியைக் கீழே வைத்தான். சொல்லாமல் இருந்துவிட முடியும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தது அந்த இடத்தில் அறுந்துபோனது. எல்லாவற்றையும் சொன்னான். கடிதம், சாவி, அந்த ஒரு வரி.  மரிசெல் கேட்டு முடித்துவிட்டு டப்பாவின் மூடியை எடுத்து மெதுவாக மூடினாள்.

"மூணு வருஷமாவா?"

"மூணு வருஷம்க்கா."

"அப்ப நான் அவகிட்ட பொய் சொல்லியிருக்கேன்."

"நீங்க இல்ல. நான்."

"சொன்னது என் வாய்தானே."

எழுந்து நேராக வெர்னாவின் அறைக்குப் போனாள். ஆர்லன் பின்னாலேயே போனான். மரிசெல் சத்தம் போடுகிறவள் இல்லை. வெள்ளிக்கிழமை விவகாரம் எல்லாவற்றையும் வெர்னா சொல்லக் கேட்டுக்கொண்டாள். ஒப்பந்தம் போனால் தனக்கும்தான் வேலை போகும் என்று ஒத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"வெர்னா மேடம், நீங்க நர்ஸா இருந்தப்ப ஒரு நாள் ஒரு ஆளுக்கு மாத்திரையை மாத்திக் குடுத்துட்டீங்கன்னு வைங்க. அவன் நல்லாத்தான் தூங்குறான். யாரும் பாக்கல. என்ன பண்ணுவீங்க?"

 வெர்னாவுக்கு அப்படி ஒரு நாள் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம், பக்கத்துக் கட்டில்காரனின் இதய மாத்திரையை ஒரு கிழவனுக்குக் கொடுத்துவிட்டாள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனிடம் போய்ச் சொன்னபோது, அதானே, காலையிலிருந்து பக்கத்துக் கட்டில்காரன் சம்சாரம் அழகாகத் தெரிந்தாள் என்று சொல்லிச் சிரித்தான் அந்தக் கிழவன்.

"ஷிப்ட் முடியறதுக்குள்ள எழுதி வைக்கணும்" என்றாள் வெர்னா. குரல் இறங்கியிருந்தது. "டாக்டர்கிட்ட சொல்லணும். அவன்கிட்டயும் சொல்லணும். நாளைக்குன்னு வைக்கக் கூடாது."

மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தேய்ந்த முழங்கால் மடக்கென்று சத்தம் போட்டது.

"பிரிண்டர்ல பேப்பர் இருக்கா பாரு ஆர்லன்."

அப்புறம் நடந்தது ஒரு கல்யாண வீட்டு வேலை. ஒவ்வொரு பெண்ணுக்கும் அடுத்த மூன்று நாளுக்குரிய வீடுகள், மருந்துகள், எண்கள். அவளுடையது மட்டும், அவள் பெயர் போட்ட உறையில். மரிசெல் ஐந்து பேருக்குப் போன் செய்தாள். அந்த ஐந்து பேரும் ஆளுக்கு ஐந்து பேருக்குச் செய்தார்கள். தேவாலயத்துச் சாவுச் செய்தியைக் கூட அவர்கள் இவ்வளவு சீக்கிரம் கடத்தியிருக்க மாட்டார்கள். வேலைக்கு நடுவே ஓடிவந்து உறையை வாங்கிப் போனவர்கள் ஆர்லனைச் சும்மா விடவில்லை. காகிதத்தில்தான் வந்து நிற்கப் போகிறோம் என்றால் எங்களுக்கு எதற்கு இத்தனை நாள் போன் நோண்டச் சொல்லிக் கொடுத்தாய் என்றாள் ஒருத்தி. இந்தக் காகிதத்துக்கு சார்ஜர் உண்டா என்றாள் இன்னொருத்தி. தூரத்தில் இருந்தவர்களுக்கு வெர்னா தானே காரை எடுத்துக்கொண்டு போய், காபிக்கடை வாசல்களில் நின்று கொடுத்தாள். கடைசி உறை போய்ச் சேர்ந்தது என்று தகவல் வந்ததும், இரவு எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு, ஆர்லன் பழைய சாவியைச் செல்லாததாக்கினான். மேஜைமேல் கிடந்த மரிசெலின் விரிசல் விட்ட போனில் பெயர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

செயலியில் இருக்கும் அறுநூறு வீடுகளுக்கும் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், வாசல் பெட்டி எண்களை மாற்றியாக வேண்டும் என்று முடிவானது. போகிற வீட்டில் எல்லாம் பணிப்பெண்களே மாற்றுவதாக ஏற்றுக்கொண்டார்கள். ஒடெட்டுக்கு மட்டும் அன்றைக்கே வெர்னா போன் செய்து விவரத்தைச் சொன்னாள். நேரிலும் போய்ச் சொல்ல வேண்டும் என்றான் ஆர்லன். போன் போதாது என்று அவனுக்குத் தோன்றியது.

புதன்கிழமை காலை மரிசெலோடு போனான். வாசலில் பூட்ஸைக் கழற்றினான். காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. ஒடெட் நாற்பது வயதுக்காரி. முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். மடியில் ஒரு பூனை. திரை மறுபடி மூடியிருந்தது. நட்டநடுப் பகலில் அறையில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது.

ஆர்லன் நின்றபடியே சொன்னான். சாவியை யார் வைத்தது, ஏன் வைத்தது, எவ்வளவு நாள் இருந்தது. அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், வேறு யாராவது பார்த்திருப்பார்களா என்று. முப்பது நாளில் ஒரு பெண் மட்டும் வந்திருக்கிறாள், அவள் உங்கள் பக்கத்தைத் திறக்கவில்லை, அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது என்றான். தெரியாது என்று சொல்வதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

ஒடெட் பூனையின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நீங்க மறைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"பின்ன ஏன் வந்தீங்க?"

"நேத்து நீங்க திரையைத் திறந்தீங்கன்னு அக்கா சொன்னாங்க. எங்க பேச்சை நம்பித் திறந்தீங்க. சொல்லாம விட்டிருந்தா, தெருவைப் பாக்க உங்களை உட்கார வச்சுட்டு நான் ஒளிஞ்சிக்கிட்ட மாதிரி."

மரிசெல் வாசல் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து அவள் மடியில் வைத்தாள். பூனை இறங்கிப் போனது. ஒடெட் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ஆர்லனைப் பார்த்தாள்.

"திரும்பிக்குங்க" என்றாள்.

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். முதுகுக்குப் பின்னால் எண் சக்கரங்கள் ஒவ்வொன்றாக டிக் டிக்கென்று நகர்ந்தன. ஒடெட் மரிசெலைக் குனியச் சொல்லி அவள் காதில் எதையோ சொன்னாள். பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவன் போல நின்றாலும், அவனுக்கு அப்படித் தோன்றவில்லை. தெரியாமலிருப்பதில் ஒரு நிம்மதி இருந்தது.

"நேத்து உங்க மேல கோவமாத்தான் இருந்துச்சு" என்றாள் ஒடெட் அவன் திரும்பியதும். "இப்பவும் கொஞ்சம் இருக்கு. அது தன்னால போகும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. அடுத்தவ உசுரைக் கையில வாங்கினவங்க இப்போதைக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. உங்களுக்கு அது ரெண்டு நாள் வேலை. எனக்கு அது வீடு."

அவன் தலையசைத்தான். வாசலில் பூட்ஸைப் போட்டவன் கயிற்றைக் கட்டாமலே கிளம்பப் பார்த்தான். மரிசெல்தான் குனிந்து கட்டிவிட்டாள்.

அந்த இரண்டு நாள் வேலை, கடைக்காரர்களின் அனுமதியும் சேர்த்தே, இரண்டு நாள்தான் ஆனது. பாதி ஏற்கெனவே எழுதிக் கிடந்தது. வெர்னா சுகாதார அலுவலகத்தைக் கூப்பிட்டு ஒன்று விடாமல் சொன்னாள். அவர்கள் பாராட்டவும் இல்லை, துரத்தவும் இல்லை. வெள்ளிக்கிழமைக் கையெழுத்தை ஒரு மாதம் தள்ளி வைத்து, வந்து பார்ப்போம் என்றார்கள். ஐலாவுக்கு ஆர்லன் நீளமாக ஒரு கடிதம் எழுதினான். அவள் ஒரே வரியில் பதில் போட்டாள், அண்ணன் நன்றாகத் தூங்குகிறான் என்று.

புதுச் செயலிக்கு அனுமதி வந்த நாள் வியாழக்கிழமை. ஆர்லன் பழைய நிரலைத் திறந்து அந்த வரியை அழித்தான். மூன்று வருஷம் தாமதமாக வந்த வியாழக்கிழமை.

சாயங்காலம் மரிசெல் புதுப் போனை வாங்க வந்தாள். பெயரைச் சொல்லி உள்ளே போனாள். அவளுடைய ஆறு வீடுகள் மட்டும் வந்தன. வேலை முடிகிற மணிக்கு அந்தச் சீட்டும் முடிந்துவிடும் என்று போட்டிருந்தது. ஒடெட்டின் பக்கத்தில் பெட்டி எண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"இது ஏன் தம்பி காலியா இருக்கு?"

"அது உங்க காதுல இருக்குக்கா. எனக்கு வேணாம்."

 மரிசெல் பையிலிருந்து நூடுல்ஸ் டப்பாவை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். மூடியைத் திறந்து ஓரமாக வைத்தாள்.

"சாப்பிடு" என்றாள். "அப்புறம்னு வைக்காதே. எது ஆனாலும் அந்தந்த நேரத்துல முடிச்சிடணும். ஆறிப்போச்சுன்னா யாருக்கும் உதவாது."